எம்.எல்.ஏ. சம்பளம் எங்கே போனது? ஜீவாவைப் பற்றி ஒரு பதில்

சிங்கப்பூர் ஈசூனில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் ஓர் ஆசிரியை, உயர்நிலை இரண்டாம் வகுப்பில் தமிழகத் தலைவர் ப. ஜீவானந்தத்தின் (ஜீவா) வேட்டிக் கதையைச் சொல்லியிருக்கிறார். முதலமைச்சர் காமராசர் தாம்பரத்தில் ஜீவாவின் குடிசைக்கு வருகிறார். ஜீவா உடனே வெளியே வரவில்லை. இருந்த ஒரே வேட்டியைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறார், அது காயும் வரை முதலமைச்சர் காத்திருக்கிறார். கதை முடிந்ததும் ஒரு மாணவன் கேட்டானாம்: "அவர் எம்.எல்.ஏ.வாக இருந்தவர்தானே டீச்சர், சம்பளம் வந்திருக்குமே, அது எங்கே போச்சு?" ஆசிரியை திகைத்துவிட்டார். அதோடு அவருக்கே இரண்டு சந்தேகங்கள் வந்துவிட்டன. ஜீவா காந்தியவாதியா, பெரியார் தொண்டரா, கம்யூனிஸ்டா, கட்சி மாறிக்கொண்டே இருந்தவரா? சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கு அவரைப் பற்றிச் சொல்ல ஏதாவது முகாந்திரம் உண்டா?

மாணவன் கேட்டதுதான் மூன்றிலும் நல்ல கேள்வி. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

சம்பளம் கட்சிக்குப் போனது. கம்யூனிஸ்ட் கட்சியில் சட்டமன்ற உறுப்பினரோ நாடாளுமன்ற உறுப்பினரோ அரசு தரும் சம்பளத்தைக் கட்சியிடம் ஒப்படைத்துவிட வேண்டும். முழுநேர ஊழியர்களுக்குக் கொடுப்பதைப் போல ஒரு சிறு தொகையைக் கட்சி குடும்பச் செலவுக்குத் திருப்பித் தரும். இது ஜீவாவுக்கு மட்டும் இருந்த தனிக் குணம் இல்லை, எல்லாருக்கும் பொதுவான ஏற்பாடு. மக்கள் பிரதிநிதி மக்களைவிட வசதியாக வாழத் தொடங்கினால் அவன் புத்தியும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும் என்பது அதன் தர்க்கம். நம் சிங்கப்பூரில் இதற்கு நேர் எதிரான தர்க்கம்: அமைச்சருக்கு நல்ல சம்பளம் கொடு, கை நீட்டமாட்டார். எது சரி என்று அந்த வகுப்பிலேயே ஒரு பட்டிமன்றம் வைக்கலாம். பாதிப் பாடம் அதிலேயே முடிந்துவிடும்.

எனக்கு அந்த வேட்டிக் கதை மேல் ஒரு மனத்தாங்கல் உண்டு. கதை பொய் என்று சொல்லவில்லை. ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்வார்கள்: சிலர் காமராசர் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட விழாவுக்குப் போகிற வழியில் வந்தார் என்பார்கள், சிலர் வீடு தருகிறேன் என்று சொல்லி மறுக்கப்பட்டார் என்றும் சேர்ப்பார்கள். ஜீவா தாம்பரத்தில் குடிசையில் வாழ்ந்தார், சொத்து சேர்க்கவில்லை. அதில் சந்தேகமே இல்லை. என் வருத்தம் வேறு. இந்த ஒரு கதையே அவரை விழுங்கிவிட்டது. கேட்கிறவர்களுக்கு ஓர் ஏழைச் சாமியார் நினைவில் நிற்கிறார். ஆனால் ஜீவா சாமியார் இல்லை, பெரிய சண்டைக்காரர். தான் மதித்த ஒவ்வொரு பெரியவரிடமும் கொள்கைக்காக முட்டிக்கொண்டவர். அந்த முட்டல்களை வரிசையாகப் பார்த்தால், கட்சி மாறிக்கொண்டே இருந்தவரா என்ற ஆசிரியையின் கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும்.

ஜீவா பிறந்தது 1907 ஆகஸ்ட் 21, நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் பூதப்பாண்டியில். வீட்டில் வைத்த பெயர் சொரிமுத்து. அன்று அது திருவிதாங்கூர் சமஸ்தானம். கோயில் தெருவில் நடக்கக்கூட ஒரு பகுதி மக்களுக்கு உரிமை இல்லாத நாடு. கோயிலுக்குள் போவது பற்றிக் கேட்கவே வேண்டாம். 1924-ல் வைக்கம் போராட்டம் தொடங்கியபோது அவருக்குப் பதினாறு வயது முடிந்து சில மாதங்கள்தான். வைக்கத்திலும் அதையடுத்து சுசீந்திரத்திலும் சத்தியாகிரகத்தில் கலந்துகொண்டார். ஒடுக்கப்பட்ட சாதி நண்பர்களோடு பழகியதால் வீட்டில் தகராறு. வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டார். கல்லூரிப் பக்கம் அவர் போகவே இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

முதல் முட்டல் சேரன்மாதேவியில். வ.வே.சு. ஐயர் அங்கே தேசியக் கல்விக்காக ஒரு குருகுலம் நடத்தினார். காங்கிரஸ் நிதியும் அதற்கு வந்தது. அங்கே பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி போட்டது தமிழ்நாட்டையே கலக்கியது. பெரியார் காங்கிரசை விட்டு விலகிய காரணங்களில் அதுவும் ஒன்று. ஜீவா அங்கே சேர்ந்து, அந்தப் பந்தியைக் கண்டு வெளியேறியவர். ஆயுதப் புரட்சி வரை போன வீரர் ஐயர் மேல் அவருக்கு மரியாதை இல்லாமல் இல்லை. ஆனால் தேச விடுதலையைச் சொல்லிக்கொண்டு சாப்பாட்டில் சாதி பார்ப்பதை அவரால் விழுங்க முடியவில்லை.

அடுத்து காரைக்குடி பக்கம் சிராவயல். அங்கே காந்தி பெயரில் ஓர் ஆசிரமத்தைப் பொறுப்பேற்று நடத்தினார். கதர், ராட்டை, ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் படிப்பு. 1927-ல் காந்தி செட்டிநாட்டுப் பக்கம் சுற்றுப்பயணம் வந்தபோது அந்த இளைஞரைப் பார்க்க அங்கே வந்தார். "உனக்குச் சொத்து எவ்வளவு?" என்று காந்தி கேட்டதாகவும், "இந்தியாதான் என் சொத்து" என்று இவர் சொன்னதாகவும், "இல்லை, நீதான் இந்தியாவின் சொத்து" என்று காந்தி திருத்தியதாகவும் மேடை தோறும் சொல்வார்கள். அழகான உரையாடல். ஆனால் அதே இளைஞர் காந்தியின் வருணாசிரம ஆதரவைக் கண்டித்து அவருக்கே கடிதம் எழுதினார் என்பதை மேடையில் சேர்த்துச் சொல்கிறவர்கள் குறைவு. காந்தி சொன்ன தீண்டாமை ஒழிப்பை ஏற்றுக்கொண்டார், வருணத்துக்குக் காந்தி சொன்ன சமாதானத்தை ஏற்கவில்லை. இருபது வயது!

நடுவில் தனித்தமிழ்ப் பற்று வந்தது. மறைமலையடிகள் வழியைப் பின்பற்றிப் பெயரை உயிரின்பன் என்று மாற்றிக்கொண்டார், பிறகு அதையும் விட்டுவிட்டார். தமிழ் மேல் இருந்த பித்து மட்டும் போகவில்லை.

அப்புறம் பெரியார். இந்தப் பகுதியை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஜீவாவின் வாழ்க்கையில் மிகப் பெரிய முறிவு இங்கேதான் நடந்தது.

சாதியையும் புரோகிதத்தையும் நேருக்கு நேர் தாக்கிய ஒரே இயக்கம் அன்று சுயமரியாதை இயக்கம். ஜீவா அதில் சேர்ந்தது இயல்பு. 1932 கடைசியில் பெரியார் சோவியத் ரஷ்யாவையும் ஐரோப்பாவையும் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தார். வந்ததும் ஈரோட்டில் கூடி ஒரு சமதர்மத் திட்டம் தயாரித்தார்கள். ம. சிங்காரவேலர் அதற்கு மூளை. 1923-ல் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியவர் அவர். ஜீவா அந்தத் திட்டத்தை ஊர் ஊராகக் கொண்டுபோன குரல். சாதி ஒழிப்பும் வர்க்கப் போராட்டமும் ஒரே மேடையில் பேசப்பட்ட இரண்டு, மூன்று வருடங்கள் அவை. அந்தச் சேர்க்கை நிலைத்திருந்தால் தமிழ்நாட்டு அரசியல் எப்படிப் போயிருக்கும் என்று யோசித்துப் பார்ப்பது எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு.

நிலைக்கவில்லை. 1934-ல் பிரிட்டிஷ் அரசு கம்யூனிஸ்ட் கட்சியைத் தடை செய்தது. சமதர்மம் பேசிய எல்லார் மேலும் கண் விழுந்தது. பகத்சிங் சிறையில் எழுதிய, தான் ஏன் நாத்திகன் என்று விளக்கும் கட்டுரையை ஜீவா தமிழில் மொழிபெயர்த்தார். அதை வெளியிட்டவர் பெரியாரின் அண்ணன் ஈ.வெ. கிருஷ்ணசாமி. இருவர் மேலும் வழக்கு. ஜீவாவைக் கையில் விலங்கு போட்டு இழுத்துப் போனார்கள். இயக்கத்தையே தடை செய்துவிடுவார்கள் என்ற நிலை வந்தபோது, மன்னிப்பு எழுதிக் கொடுத்து வழக்கை முடித்துக்கொள்ளலாம் என்பது பெரியாரின் முடிவு. இனி சமதர்மப் பிரச்சாரத்தைக் குறைத்துக்கொண்டு சமூகச் சீர்திருத்தத்தில் நிற்போம் என்றும் அறிவித்தார்.

இதை ஜீவா தரப்பில் துரோகம் என்றும், பெரியார் தரப்பில் விவேகம் என்றும் இன்றுவரை வாதாடுகிறார்கள். என் கணக்கில் இரண்டு பேருமே அவரவர் முன்னுரிமைப்படி நேர்மையாக நடந்தார்கள். பெரியாருக்குச் சாதி ஒழிப்புக்கென்று கட்டிய இயக்கம் உயிரோடு இருக்க வேண்டும். ஜீவாவுக்கோ பகத்சிங்கின் எழுத்துக்கு மன்னிப்புக் கேட்பது நாக்கை அறுத்துக்கொள்வது மாதிரி. பிரிந்தார்கள். 1936-ல் ஜீவாவும் அவர் தோழர்களும் சுயமரியாதை சமதர்மக் கட்சி என்று தனியாகத் தொடங்கினார்கள். விரைவிலேயே காங்கிரசுக்குள் இயங்கிய சோஷலிஸ்ட் கட்சி வழியாகக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு வந்து சேர்ந்தார்கள். கட்சி தடையில் இருந்த காலம் அது, காங்கிரஸ் சோஷலிஸ்ட் என்ற பெயரில்தான் வேலை செய்ய முடியும். ஆக, அவர் மறுபடி காங்கிரசில் இருந்தது மனம் மாறியதால் நடந்தது இல்லை. அன்றைய கம்யூனிஸ்டுகள் பலருக்கும் அதுதான் வழி.

இப்போது பட்டியலைப் பாருங்கள். சேரன்மாதேவி, சிராவயல், ஈரோடு, கடைசியில் கம்யூனிஸ்ட் கட்சி. எல்லாம் முப்பது வயதுக்குள். அதற்குப் பிறகு சாகும் வரை, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல், ஒரே கட்சி. பதவிக்காக எந்த வாசலையும் தாண்டவில்லை, ஒவ்வொரு தாண்டலிலும் கையில் இருந்ததை இழந்துகொண்டுதான் போனார். கட்சி மாறி என்று இவரைச் சொல்வது அநியாயம்.

1937-ல் 'ஜனசக்தி' வாரப் பத்திரிகை தொடங்கியபோது ஆசிரியர் ஜீவா. கல்லூரி போகாதவர் என்று சொன்னேன் அல்லவா, அது இங்கேதான் முக்கியமாகிறது. அன்றைய கம்யூனிஸ்ட் தலைவர்களில் ஆங்கிலப் படிப்பாளிகள் அதிகம். மோகன் குமாரமங்கலம் ஈட்டனிலும் கேம்பிரிட்ஜிலும் படித்துவிட்டு வந்தவர். சிந்தனை ஆங்கிலத்தில், சுற்றறிக்கை ஆங்கிலத்தில், புத்தகங்கள் லண்டனிலிருந்து. பஞ்சாலைத் தொழிலாளிக்கு அதில் என்ன புரியும்? ஜீவா அதைப் பாட்டாகவும் பேச்சாகவும் மாற்றினார். வேலைநிறுத்தப் பந்தலில் பாடுவதற்கென்றே பாட்டுக் கட்டினார், பெண் விடுதலைக்கும் பாடல்கள் எழுதினார். பேசத் தொடங்கினால் மணிக்கணக்கில் பேசுவார். தமிழில் பொதுவுடைமைக்கு ஒரு குரல் கிடைத்தது என்றால் அது பெரும்பாலும் அவருடைய தொண்டையிலிருந்து வந்தது. அவர் வாழ்க்கையிலேயே பெரிய வேலை என்று நான் நினைப்பது இதைத்தான். எம்.எல்.ஏ. பதவியெல்லாம் இதற்குப் பிறகுதான்.

போர்க்காலத்தில் சிறை, மாகாணத்தை விட்டு வெளியேற்றம் என்று அலைந்தார். இந்த இடத்தில் ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். சிங்கப்பூரில் இருந்துகொண்டு இதை ஒளிக்க முடியாது. ஜெர்மனி சோவியத் யூனியனைத் தாக்கியதும் கம்யூனிஸ்ட் கட்சி தன் நிலையை மாற்றிக்கொண்டு, இது மக்கள் யுத்தம் என்றது. 1942-ல் கட்சி மீதான தடை நீங்கியது. வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் கட்சி சேரவில்லை. சுபாஷ் சந்திர போஸை ஜப்பானின் கைப்பாவை என்று கட்சிப் பத்திரிகைகள் கேலிச்சித்திரம் போட்டன. அதே நேரத்தில், 1943 ஜூலையில், இங்கே பாடாங் திடலில் போஸ் முன் அணிவகுத்து நின்றவர்களில் எத்தனை தமிழர்கள்! தோட்டத்திலிருந்து வந்த பெண் பிள்ளைகள் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி பிடித்தார்கள். இங்குள்ள பழைய ஐ.என்.ஏ. (போஸின் இந்திய தேசிய ராணுவம்) குடும்பங்களில் கம்யூனிஸ்ட் என்றாலே முகம் சுளிப்பவர்கள் இருந்தால் அதற்குக் காரணம் இருக்கிறது. போஸ் பற்றிய அந்த மதிப்பீடு தவறு என்று பிற்காலத்தில் இயக்கமே ஒப்புக்கொண்டது. எல்லாரிடமும் முட்டிய ஜீவா இந்த விஷயத்தில் கட்சிக் கோட்டுக்குள் நின்றவர். அதையும் அவர் கணக்கில் எழுதத்தான் வேண்டும்.

சுதந்திரம் வந்த மறு வருடமே கட்சி இன்னொரு கோடிக்குப் போனது. 1948-ல் கல்கத்தா மாநாட்டில் உடனடிப் புரட்சி என்ற பாதையை எடுத்தார்கள். சென்னை மாகாணத்தில் கைது, தடை, துப்பாக்கிச் சூடு. 1950 பிப்ரவரி 11-ஆம் தேதி சேலம் சிறையில் சுட்டதில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் இறந்தார்கள். ஜீவா தலைமறைவு. பெயர் மாற்றி, வேஷம் மாற்றி, வீடு மாற்றி வாழ்ந்த காலம். பத்மாவதியைத் திருமணம் செய்துகொண்டதும் 1948-ல்தான். சாதி மறுத்த திருமணம். அந்த அம்மா பட்ட பாட்டை யாரும் கதையாகச் சொல்வதில்லை. வேட்டிக் கதையில் வேட்டியைத் துவைத்தது யார் என்று ஒரு மாணவி கேட்டால் என்ன சொல்வீர்கள்?

1952-ல் முதல் பொதுத் தேர்தல். வண்ணாரப்பேட்டையில் நின்று ஜீவா வென்றார். வடசென்னை தெரியாதவர்களுக்கு: துறைமுகம், பெரம்பூரில் பின்னி ஆலை, ரயில்வே பட்டறை, சுற்றிலும் தொழிலாளர் குடியிருப்பு. தஞ்சோங் பகாரில் துறைமுகக் கூலிகள் குடியிருந்த காலத்தையும், செம்பவாங் கடற்படைத் தளத்து லயன்களையும் (தொழிலாளர் வரிசை வீடுகள்) கேள்விப்பட்டவர்களுக்கு அந்தச் சூழல் பிடிபடும். இந்தத் தேர்தல் சாதாரணமானது இல்லை. மொத்தம் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தது 152 மட்டும். கம்யூனிஸ்டுகளுக்கு 62. அதுவரை வேட்டையாடப்பட்ட கட்சி, எதிர்க்கட்சிகளைக் கூட்டி ஆட்சியே அமைத்துவிடும் போலிருந்தது. அவசர அவசரமாக ராஜாஜியைக் கூட்டி வந்து முதலமைச்சராக்கினார்கள். கம்யூனிஸ்டுகள்தான் என் முதல் எதிரி என்று சபையிலேயே சொன்னவர் அவர்.

அந்தச் சபையில் ஜீவா தமிழில் பேசினார். இன்று இது ஒரு செய்தியாகவே தோன்றாது. அன்று சட்டமன்றம் ஆங்கிலத்தில் நடந்தது. தமிழர், தெலுங்கர், மலையாளி, கன்னடர் எல்லாரும் ஒரே சபை. நிர்வாகம் தமிழில் நடக்க வேண்டும், பாடம் தமிழில் இருக்க வேண்டும், மாநிலங்களை மொழிவாரியாகப் பிரிக்க வேண்டும் என்பது அவருடைய விடாத வாதம். 1953-ல் ஆந்திரம் பிரிந்தது. 1956-ல் தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம் வந்தது. அதே ஆண்டு நவம்பர் முதல் தேதி கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்தது. அதாவது ஜீவா பிறந்த பூதப்பாண்டி, அவருக்கு நாற்பத்தொன்பது வயதாகும்போதுதான் அவர் எம்.எல்.ஏ.வாக இருந்த மாநிலத்துக்குள் வந்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன், மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்கக் கோரி விருதுநகரில் உண்ணாவிரதம் இருந்த சங்கரலிங்கனார் இறந்தார். அவர் காங்கிரஸ் தியாகி. ஆனால் தன் உடலைக் கம்யூனிஸ்டுகளிடம் ஒப்படைக்கச் சொல்லிவிட்டுப் போனார். தமிழுக்காக வாதாடியது ஒரு கட்சி மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லலாம்.

ஆனால் திராவிட நாடு என்ற பிரிவினைக் கோரிக்கையை ஜீவா ஏற்கவே இல்லை. மேடைக்கு மேடை எதிர்த்தார். தமிழுக்குச் சண்டை போடுவேன், இந்தியாவை உடைக்கமாட்டேன் என்பது அவர் நிலை. 1957 தேர்தலில் வங்காள விரிகுடாவே திசை மாறியது போல் காற்று மாறியது. கம்யூனிஸ்டுகள் தமிழகத்தில் நான்கே இடங்களுக்குச் சுருங்கினார்கள், 1962-ல் இரண்டு. அந்த ஆண்டு தி.மு.க.வுக்கு 50. 1957-க்குப் பிறகு ஜீவா சட்டமன்றத்தில் இல்லை.

ஏன் இப்படிச் சரிந்தது? ஆந்திரம் பிரிந்தபோது கட்சியின் பலம் பாதி அந்தப் பக்கம் போனது ஒன்று. காமராசர் 1954-ல் முதலமைச்சராகி, பள்ளிக்கூடம், மதிய உணவு என்று ஏழைகள் பக்கம் நின்றது இன்னொன்று. ராஜாஜியை எதிர்ப்பது எளிது, காமராசரை எதிர்ப்பது எளிதில்லை. ஜீவாவும் காமராசரும் ஒரு காலத்தில் ஒரே காங்கிரசில் வேலை செய்தவர்கள், வேட்டிக் கதையில் தெரியும் அந்த நெருக்கம் அங்கிருந்து வருவது. மூன்றாவது காரணம் மொழி, கலை, சினிமா. அதைத் தி.மு.க. பிடித்துக்கொண்டது. கம்யூனிஸ்ட் கட்சியில் அந்த அபாயத்தை முன்கூட்டியே பார்த்தவர் ஜீவாதான் என்பது என் எண்ணம்.

அதனால்தான் கடைசி வருடங்களில் அவர் இலக்கியத்துக்குள் இறங்கினார். பலருக்கு அது ஓய்வுக்கால வேலை மாதிரித் தெரிகிறது, எனக்கு அப்படித் தெரியவில்லை. 1959-ல் 'தாமரை' இலக்கிய இதழ். 1961-ல் கலை இலக்கியப் பெருமன்றம். பாரதியைப் பார்ப்பனக் கவிஞர் என்று ஒதுக்கியவர்கள் இருந்த காலத்தில் பாரதியைத் தொழிலாளி மேடைக்குக் கொண்டுவந்தார். அதைவிடத் துணிச்சல், காரைக்குடிக் கம்பன் விழாவில் போய்க் கம்பனைப் பேசியது. பெரியார் தொண்டர்கள் கம்பராமாயணத்தை எரிக்க வேண்டும் என்றார்கள். கட்சித் தோழர்கள் சிலருக்கும் நாத்திகன் ராமாயணம் பேசுவதா என்று உறுத்தல். பழைய இலக்கியம் மக்களின் சொத்து, அதை மடங்களுக்கு விட்டுக்கொடுக்க முடியாது என்பது ஜீவாவின் பதில். ஆக, கடைசி முட்டல் சொந்தக் கட்சியின் ரசனையோடு. இந்த முறை அவர் வெளியேறவில்லை, உள்ளே இருந்துகொண்டே மாற்றினார். பின்னால் வந்த இடதுசாரித் தமிழ் எழுத்தாளர்கள் எத்தனையோ பேருக்கு அந்த இதழும் அந்த மன்றமும்தான் முதல் திண்ணை.

1963 ஜனவரி 18-ஆம் தேதி சென்னையில் இறந்தார். ஐம்பத்தைந்து வயதுதான். அடுத்த ஆண்டே கட்சி இரண்டாக உடைந்தது. உடைவதற்கு முன் போய்விட்டதால் இரண்டு கட்சிகளும் அவரை உரிமை கொண்டாட முடிகிறது.

சரி, சிங்கப்பூர். இங்கே தொடர்பைத் தேடினால் அது இயக்கங்கள் வழியாகத்தான் வரும். பெரியார் 1929 கடைசியில் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்துபோன பிறகு, 1932-ல் இங்கே தமிழர் சீர்திருத்தச் சங்கம் உருவானது. 1935-ல் கோ. சாரங்கபாணி 'தமிழ் முரசு' தொடங்கினார். தேதியைக் கவனியுங்கள். ஈரோட்டில் ஜீவாவும் பெரியாரும் பிரிந்துகொண்டிருந்த அதே காலகட்டம். சாதி ஒழிப்பு, சிக்கனத் திருமணம், மதுவிலக்கு என்ற சீர்திருத்தப் பகுதி கடல் தாண்டி வந்து இங்கே வேர் பிடித்தது. சமதர்மப் பகுதி அந்தக் கப்பலில் வரவில்லை. அரசியல் காரணம் எளிது: குடியேறிய தொழிலாளி, காலனி அரசு, பிடிக்காவிட்டால் நாடு கடத்திவிடலாம். 1941-ல் கிள்ளான் தோட்ட வேலைநிறுத்தத்தை நடத்திய ஆர்.எச். நாதனை அப்படித்தான் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பினார்கள்.

வர்க்கப் பக்கம் இங்கே வேறு வழியில் வந்தது, தொழிற்சங்கம் வழியாக. போர் முடிந்ததும் துறைமுகத்திலும் தோட்டங்களிலும் சங்கங்கள் எழுந்தன. தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்த எஸ்.ஏ. கணபதி அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவரானார். 1948 ஜூனில் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் அவசரநிலை. 1949 மே 4-ஆம் தேதி கோலாலம்பூர் புடு சிறையில் கணபதியைத் தூக்கிலிட்டார்கள். துப்பாக்கி வைத்திருந்தார் என்பது குற்றச்சாட்டு. நேரு அரசு கேட்டுக்கொண்டும் பயன் இல்லை. அது ஜீவாவின் தலைமறைவுக் காலம். கடலின் இந்தக் கரையில் ஒரு தமிழ்த் தோழருக்குத் தூக்கு, அந்தக் கரையில் இன்னொருவர் சில ஆண்டுகளில் எம்.எல்.ஏ. அங்கே சுதந்திரம் வந்து வாக்குச் சீட்டு கைக்கு வந்துவிட்டது, இங்கே வரவில்லை. உயர்நிலை வகுப்பில் வரலாற்றுப் பாடத்தில் அவசரநிலையைப் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்த இரண்டு பேரையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால், தாத்தா காலத்துத் தமிழர்கள் எதற்கெல்லாம் பயந்தார்கள், ஏன் அரசியல் பேசாமல் இருந்தார்கள் என்பது கொஞ்சம் விளங்கும்.

கடைசியாக ஒரு யோசனை. தேசிய நூலகத்தின் இணையச் செய்தித்தாள் தொகுப்பில் பழைய 'தமிழ் முரசு' இதழ்கள் இருக்கின்றன. 1963 ஜனவரி மூன்றாம் வாரத்து இதழ்களை மாணவர்களையே புரட்டச் சொல்லுங்கள். 'ஜீவா' என்றும் 'ஜீவானந்தம்' என்றும் இரண்டு விதமாகவும் தேட வேண்டும், பழைய அச்சைக் கணினி பல இடங்களில் தப்பாகப் படிக்கும், அதனால் பக்கங்களைக் கண்ணாலும் பார்க்க வேண்டும். சம்பளத்தைப் பற்றிக் கேட்ட அந்தப் பையனிடம் இந்த வேலையைக் கொடுங்கள்.